காஷ்மீரி கேட் பம்பும் சிஸ்ஸு பனியும்

டெல்லி காஷ்மீரி கேட் கடையில் 2,200 சொன்னதை 1,800க்கு முடித்த, கார் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன ஏர் பம்ப். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகி, 33 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தின் அளவு) என்று வைத்தால் அங்கே வந்ததும் தானே நின்றுவிடும். ஜனவரியில் ஆர்.கே.புரத்திலிருந்து மணாலி, அங்கிருந்து அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு என்ற மலைக் கிராமம் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் குறைகள். சத்தம் மிக்ஸியில் தேங்காய்த் துருவல் அரைப்பதுபோல. வயர் பின் சக்கரத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எட்டுகிறது. திருகிக் கழற்றும் மூக்கு, எடுக்கும்போது புஸ்ஸென்று கொஞ்சம் காற்றை விட்டுவிடும். அதனால் நான் 34 வைத்துவிடுவேன்.

ஆனால் இதை வாங்கியது காற்றடிக்க மட்டும் அல்ல, அளந்து பார்க்க. டெல்லியில் விடியற்காலை 10 டிகிரி, 33 இருந்தது. மறுநாள் மணாலியில் மைனஸ் 2. குளிரில் 5, 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும் என்பதால் 31 காட்டும் என்று நினைத்தேன். 34 காட்டியது! பம்ப் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மணாலி 2,000 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு, அளவி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். குளிர் இறக்கியதை உயரம் ஏற்றிவிட்டது. நான் கை வைக்கவில்லை.

பின்னால் இன்னொரு காரில் வந்த அத்திம்பேர் வைத்தார். "பனியில காத்தைக் குறைச்சாத்தான் டயர் பிடிக்கும்மா" என்று ஓட்டல் பையன் பேச்சைக் கேட்டு நான்கிலும் 25 ஆக்கினார். சக்கரம் புதைகிற இளகிய பனியில் சிக்கினால் கொஞ்சம் குறைத்து மெல்ல வெளியேறலாம், வந்ததும் நிரப்பிவிட வேண்டும். வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பனிக்கு அந்த வைத்தியம் எடுபடாது. கதவுத் தூணில் டயர் அழுத்தம் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, ஓடாமல் ஆறியிருக்கும் டயருக்கு அந்த அளவுதான். சிஸ்ஸு ஏற்றத்தில் அவர் கார் வழுக்கியது, என்னுடையதும் வழுக்கியது. இரண்டையும் ஏற்றியது முன் சக்கரங்களில் மாட்டிய சங்கிலி. நம் ஊர் சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும், காற்றைக் குறைத்து அதை இளக்க முடியாது.

திரும்பும்போதுதான் பம்ப் காசை மீட்டது. 25லேயே அத்திம்பேர் நெடுஞ்சாலையில் நூறில் பறந்திருந்தால் டயர் பக்கச்சுவர் சூடேறி என்ன ஆகியிருக்குமோ. கிளம்பும் முன், எஞ்சின் ஓட, நான்கு டயருக்கும் பம்ப் வேலை செய்தது. இரண்டு டயர் முடிந்ததும் பம்பின் உடம்பு கொதித்தது, பத்து நிமிஷம் ஆறவிட்டோம். அந்த நேரத்தில் அக்கா ஃபிளாஸ்க் காபியைத் தீர்த்துவிட்டாள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வயருக்காக ஒன்று கழித்தேன். இப்போது பம்ப் அத்திம்பேர் காரில் இருக்கிறது. மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.