வாழைநார்ப் பெட்டி வாங்கி ஏமாந்தேன்: உலோகச் சிலை, நாணயம் விற்கிறவர்கள் கவனத்துக்கு

வெண்கலச் சிலை, வெள்ளி நாணயம், பித்தளைப் பொம்மை என்று சேகரிப்பாளர்களுக்கு விற்கிறவர் யாராவது இப்போது வாழைநார்ப் பெட்டியோ கரும்புச் சக்கைத் தட்டோ ஆர்டர் போடப் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 1,69,000 ரூபாய், வரி தனி. பணத்தைவிடப் பெரிய வலி பதினோரு சிலைகள்.

நான் கும்பகோணத்துக்காரன். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியிடம் ஐந்து அங்குல நடராஜர் வார்த்து வாங்கி, பீடத்தின் அடியில் எண் பொறித்து, வருடத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு வைத்து விற்கிறேன். மெழுகில் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கிற வேலை. மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. வாங்குகிறவர்களும் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

முன்பெல்லாம் தெர்மாகோலில் குழி வெட்டி, பபிள் ஷீட் சுற்றி அனுப்புவேன். ஐரோப்பாவிலிருந்து வாங்குகிற இரண்டு மூன்று பேர், "சிலை அழகு, பேக்கிங் அசிங்கம்" என்று எழுத ஆரம்பித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் விதிகள் 2026 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறை என்றும் ஒருவர் சொன்னார். சரி, மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். (ஸ்தபதி ஐயா சிரித்தார். அவருடைய அப்பா காலத்தில் சிலையைப் பழைய வேட்டியில் சுற்றி வைக்கோல் திணித்துத்தான் ரயிலில் அனுப்புவார்களாம். "அதுவும் நாருதானே தம்பி?")

மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தயாரிப்பாளர் கிடைத்தார். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். பேச்சு தேன். "நம்ம யூனிட்டே வாழைத் தோப்புக்குப் பக்கத்துல தானுங்க சார். தார் வெட்டுனதும் மரம் வீணாத்தான் போகுது, அதுல நாரு எடுக்கறோம்" என்றார். அது பொய்யில்லை. வாழை ஒருமுறைதான் குலை தள்ளும், அதன் பிறகு தண்டு வெட்டுப்படும் சரக்குதான். திட்டம் இதுதான்: வெளியே வாழைநார்த் தாள் ஒட்டிய கெட்டிப் பெட்டி, உள்ளே சிலை படுக்கிற மாதிரி கரும்புச் சக்கைக் கூழில் அச்சடித்த தட்டு, மேலும் கீழுமாக இரண்டு. நடராஜரைச் சுற்றி வளையமாக இருக்கிற திருவாசியின் சுடர் ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு வரைபடம் போட்டோம். மோல்டுக்கு 85,000. பெட்டி செட் ஒன்று 210 ரூபாய், 400 செட்.

சாம்பிள் வந்தது. என் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள வைக்க நம்ம சிலைக்குத் தகுதி இருக்கா?" என்று கேட்டாள். அவ்வளவு வழவழப்பு. சுடர் நுனி எதுவும் இடிக்காமல் நடராஜர் கச்சிதமாக உட்கார்ந்தார். மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

ஏழு வாரம் கழித்து லாரி ஆபீஸிலிருந்து எடுத்துவந்து பிரித்தால், தட்டின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முட்டைத் தட்டு மாதிரி சொரசொரப்பு. நார்க்கூழ்த் தட்டு செய்வதில் இரண்டு வழி உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டிலும் தண்ணீராகக் கரைத்த கூழில் வலை மோல்டை முக்கி, வேக்குவத்தில் உறிஞ்சி எடுப்பார்கள். அதை அப்படியே காயவைத்தால் முட்டைத் தட்டு. சூடாக்கிய இரண்டு உலோக மோல்டுகளுக்கு நடுவில் ஈரத்தோடு வைத்து அழுத்திக் காயவைத்தால் இரண்டு பக்கமும் வழவழப்பு, அளவும் துல்லியம். எனக்கு சாம்பிள் வந்தது இரண்டாவது வகை, சரக்கு வந்தது முதல் வகை. வெறுமனே காயும்போது கூழ் சுருங்கும், அதுவும் ஒரே சீராகச் சுருங்காது. அதனால் திருவாசி உள்ளே போகவில்லை. அழுத்தி மூடியதில் ஒரு சிலைக்குச் சுடர் நுனி வளைந்தே போனது.

போன் செய்தேன். "கைல செய்யறது சார், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தானுங்க செய்யும்" என்றார். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல். உள்பக்கத்தைச் சீவி, சரிப்படுத்தி, எழுபது செட் அனுப்பினேன். மாற்றித் தாருங்கள் என்று அப்போதே உட்கார்ந்திருக்க வேண்டும். இது இரண்டாவது தப்பு.

ஆறாவது வாரம் முதல் போட்டோ வந்தது. பீடத்தைச் சுற்றி பச்சை. அப்புறம் இன்னொன்று. மொத்தம் பதினோரு பேர். களிம்புதானே, புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. எண் பொறித்த சிலையைத் தேய்த்தால் ஸ்தபதி உளியால் போட்ட மெல்லிய கோடு மழுங்கும், மேற்பரப்பின் நிறமும் மாறும். சேகரிப்பாளர் அதைத் தொடமாட்டார், திருப்பித்தான் அனுப்புவார்.

அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர் அருங்காட்சியகத்தில் உலோகப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திட்டவில்லை, பாடம் எடுத்தார். தாவர நார் என்பதாலேயே ஒரு பொருள் உலோகத்துக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது. நாரிலிருந்தும் பசையிலிருந்தும் அமில ஆவி மெல்ல வெளியேறும். சரியாகக் காயாத தட்டு என்றால் ஈரமும் சேரும். மூடிய பெட்டிக்குள் இரண்டும் தப்பிக்க வழியில்லாமல் வெண்கலத்தில் இருக்கிற செம்பைத் தின்னும். காட்சிப் பெட்டிக்குள் வைக்கிற துணி, பலகை, பசை எல்லாவற்றையும் அருங்காட்சியகங்களில் ஆடி (Oddy) சோதனை என்ற ஒன்றில் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்களாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973இல் கொண்டுவந்தது. வெள்ளி, ஈயம், செம்பு மூன்றிலும் ஒரு துண்டை, சோதிக்க வேண்டிய பொருளோடு சேர்த்து மூடிய குப்பியில் ஈரக் காற்றில் 60 டிகிரி சூட்டில் 28 நாள் வைப்பார்கள்.

எனக்கு லேப் எங்கே இருக்கிறது? இரண்டு ஊறுகாய் பாட்டில் எடுத்தேன். இரண்டிலும் ஈரப் பஞ்சு, ஸ்தபதி பட்டறையில் கிடைத்த வெண்கலத் துண்டு. ஒன்றில் மட்டும் பெட்டியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. இறுக்கி மூடி நாலு வாரம் மொட்டை மாடியில் வைத்தேன். பெட்டித் துண்டு இல்லாத பாட்டிலில் வெண்கலம் லேசாக மங்கியிருந்தது. மற்றதில் பச்சை பூத்திருந்தது. அரைகுறைச் சோதனைதான். ஆனால் 400 செட் ஆர்டர் போடுவதற்கு முன் செய்திருந்தால் எனக்கு அது போதும்.

கோபத்தில் வெளிப்பெட்டி ஒன்றையும் ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் அட்டை கூழாகிக் கிடந்தது, அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் மிதந்தது. பளபளப்புக்காக லேமினேஷன்! தீக்குச்சி காட்டினால் சுருண்டு உருண்டையாகிறது, நார் என்றால் சாம்பலாகும். வாழைநார்த் தாள் என்றது சாதாரணத் தாள்தான், அழகுக்கு நாலு நார் இழையைத் தூவியிருந்தார்கள். முதலில் காட்டிய எஃப்.எஸ்.சி. சான்றிதழின் எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு ஏதோ கம்பெனியின் பெயர் வந்தது. அதுவே காட்டு மரத்துக்கான சான்றிதழ். வாழைத் தோப்பு எப்போது காடானது என்று எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று வக்கீலிடம் போனேன். 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை, சுயதொழில், பிழைப்புக்காக வாங்கியது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு, "ஆனா நீங்க ஏற்றுமதி பண்றீங்க, எதிர்த்தரப்பு விடமாட்டாங்க" என்றார். சிறுதொழில்களுக்கான அரசின் சமாதான் இணையதளம் இருக்கிறதே என்றேன். அது சரக்கு கொடுத்துவிட்டுப் பணம் வராதவர்களுக்கு. என் கேஸில் சரக்கு கொடுத்தவர் அவர், பணம் முழுதாக அவர் கையில். சிவில் வழக்கு போட்டால் ஜெயிக்கலாம், எத்தனை வருடம் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

மோல்டையாவது கொடுங்கள், வேறு இடத்தில் செய்துகொள்கிறேன் என்று கேட்டேன். "அது எங்க மெஷினுக்கு மட்டும்தானுங்க சார் பொருந்தும்" என்று பதில். பில்லை எடுத்துப் பார்த்தால் 'மோல்டு டெவலப்மென்ட் சார்ஜ்' என்றுதான் இருக்கிறது. 85,000 கொடுத்தும் மோல்டு என்னுடையது என்று ஒரு வரி இல்லை. இந்த ஒரு வரியை எழுதி வாங்காமல் யாரும் பணம் அனுப்பாதீர்கள். சாம்பிளில் ஒன்றை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் அழுத்தியதா, வெறுமனே காயவைத்ததா என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள். சரக்கைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். லேமினேஷன் கூடாது என்பதையும் தனியாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் போடுவார்கள்.

ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. கரூர் புகளூரில் டி.என்.பி.எல். ஆலை 1980களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. சக்கையைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

இப்போது மரப்பெட்டி, உள்ளே கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணி. ஸ்தபதி ஐயா வழிக்கே வந்துவிட்டேன். பதினோரு பேருக்கும் வேறு சிலை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், நாலு பாக்கி. மிச்சப் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. போன வாரம் அந்தத் தயாரிப்பாளரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "புது லாட் சூப்பரா வந்திருக்கு சார். சாம்பிள் அனுப்பட்டுங்களா?"