கிண்ணம் கடைய 20 அங்குல லேத்: பெங்களூரில் சில வருஷ அனுபவம்

மரக்கிண்ணம் கடையப் பெரிய லேத் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை அங்குலம் சார்?" அடுத்தது, எத்தனை எச்.பி. தாசரஹள்ளியில் ஒரு ஷீட் கொட்டகையில் 20 அங்குல லேத் வைத்துச் சில வருஷமாகக் கடைந்துகொண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், எவ்வளவு மெதுவாகச் சுற்றும், எவ்வளவு கனம், ரிப்பேர் ஆனால் சாமான் எங்கே கிடைக்கும் என்ற மூன்றும்தான் முதலில். அங்குலமெல்லாம் அப்புறம்.

ஆனாலும் அங்குலக் கணக்கை முடித்துவிடலாம். லேத்துக்குச் சொல்லும் அங்குலம் ஸ்விங், அதாவது அதில் மாட்டக்கூடிய கட்டையின் அதிகபட்ச விட்டம். ஸ்விங் 20 என்றால், கட்டையைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மையத்திலிருந்து அடிச்சட்டமான பெட் வரை 10 அங்குலம். டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் பேஞ்சோ பெட்டின் மேல் உட்கார்வதால், அது கட்டைக்கு அடியில் போக வேண்டி வந்தால் சில அங்குலம் போய்விடும். 16 அங்குல லேத்தில் 16 அங்குலக் கட்டையை மாட்டலாம். அதன் வெளிப்பக்கத்தை நிம்மதியாகக் கடைய முடியாது. எனக்கு வரும் ஆர்டரில் பெரும்பாலானவை 8 முதல் 12 அங்குலத்துக்குள். பழக்கிண்ணம், சாலட் கிண்ணம், ஊர் ஞாபகத்தில் சிலர் கேட்கும் உப்பு மரவை. அதற்கு 20 அங்குலம் எதற்கு என்றால், முடிந்த கிண்ணம்தான் 12 அங்குலம். மெஷினில் ஏறும் பச்சைக் கட்டை கோணலும் பட்டையுமாக அதைவிடப் பெரியது.

ஏப்ரல், மே மழைக்காற்றில் மரம் சாய்வது பெங்களூரில் வழக்கம். தூங்குமூஞ்சி, குல்மொஹர், ஜகரண்டா, சில்வர் ஓக், அபூர்வமாகப் பலா. மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு பக்கம் எனக்குத் தெரிந்த மில்காரர் தமிழ்தான் பேசுவார். "இது கவட்டை சார், பலகை வராது, வெறகுக்குத்தான் ஆகும்" என்று அவர் ஒதுக்குவதைத்தான் நான் எடை போட்டு வாங்குவேன். கவட்டையில்தான் ரேகை அழகு. ஆனால் ஒரு பக்கம் வைரம் பாய்ந்த கனமான உள்மரம், மறுபக்கம் லேசான வெள்ளை மரம். கனம் ஒருபோதும் மையத்தில் இருக்காது. 18 அங்குல விட்டம், 6 அங்குல உயரம் உள்ள பச்சைக் கட்டை 20 கிலோவுக்குக் குறையாது. சுற்றும்போது அந்தக் கூடுதல் கனம் லேத்தை இழுக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் இழுப்பு நாலு மடங்காகும்.

இங்கேதான் பெரிய லேத்தின் அருமை தெரிகிறது. கட்டையை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கும் டெயில்ஸ்டாக்கை நன்றாக முட்டுக்கொடுத்து, வேக நாபை அடியிலிருந்து மெல்லத் திருப்புவேன். நிமிஷத்துக்கு 100, 150 சுற்று வரை மெஷின் சும்மா இருக்கும். 200 பக்கம் வரும்போது பேஞ்சோவின் பூட்டுக் கைப்பிடி நடுங்க ஆரம்பிக்கும். அதைக் கண்டதும் கொஞ்சம் குறைத்து, அந்த வேகத்திலேயே பவுல் கௌஜை (கிண்ணம் கடையும் குழி உளி) வைப்பேன். முதலில் டக், டக் என்று ஒரு பக்கம் மட்டும் படும். பட்டை தெறிக்கும், மரத்தின் ஈரம் சட்டையில் கோடு போடும். டக் டக் நெருங்கி நெருங்கி ஒரே இழுப்பாகச் சீறும்போது கட்டை வட்டமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் 300, 350 போகலாம். குறைந்தபட்ச வேகமே 450, 500 என்றிருக்கும் லேத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

அங்குல விட்டத்தையும் நிமிஷச் சுற்றையும் பெருக்கினால் 6000-த்திலிருந்து 9000-த்துக்குள் வர வேண்டும் என்று கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 18 அங்குலத்துக்கு அது 333 முதல் 500 வரை. கட்டை சமனாகச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கணக்கே. 18 அங்குலக் கட்டையை 1000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 86 கிலோமீட்டர் வேகத்தில் போகும், ஓசூர் ஹைவேயில் பஸ் போகிற மாதிரி. முகக் கவசம் இல்லாமல் அதன் எதிரே நிற்பவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

மெதுவான வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவியான வி.எஃப்.டி. இருப்பதால் பெல்ட்டை மாற்றவே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2 எச்.பி. மோட்டாரை 50 ஹெர்ட்ஸிலிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கிடைப்பது 0.4 எச்.பி. மட்டுமே, மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி அது சூடாகும். பெரிய கட்டைக்குப் பெல்ட்டைக் கீழ் வேகப் புல்லியில் போட்டு, ஹெர்ட்ஸை மேலே வைத்து ஓட்டுங்கள். அரை நிமிஷ வேலை.

வாங்கும் முன் பார்த்தவற்றில் பவர்மேட்டிக் 3520 (20 அங்குல ஸ்விங்), கனடாவின் ஒன்வே 2436 (24 அங்குலம்), ஆஸ்திரேலியாவின் விக்மார்க் வி.எல்.300 (மைய உயரம் 300 மில்லிமீட்டர்) எல்லாம் உண்டு. மூன்றும் ஆசை காட்டும் மெஷின்கள். கப்பல் கூலி, சுங்கம், ஜி.எஸ்.டி. சேர்த்துப் பார்த்ததும் ஆசை அடங்கிவிட்டது. கடைசியில் ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) நகரக்கூடிய ஒரு வார்ப்பிரும்பு லேத் வாங்கினேன். கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

திட்டு இதுதான்: அதோடு வந்த வேகக் கட்டுப்பாட்டு போர்டு ஒரு மே மாத இடிமழையில் கருகியது. விற்றவர் மாதக்கணக்கில் "வருது சார், வருது சார்" என்றார். எஸ்.ஜே.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரணத் தொழிற்சாலை வி.எஃப்.டி. ஒன்றை எலக்ட்ரீஷியன் தம்பி ஒரே சாயங்காலத்தில் மாட்டிக்கொடுத்தான், இன்றுவரை ஓடுகிறது. லேத்தில் இருந்தது வழக்கமான த்ரீ ஃபேஸ் மோட்டார் என்பதால் தப்பித்தேன். கம்பெனிக்கென்றே செய்த தனி போர்டு, தனி மோட்டார் உள்ள மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே யோசித்து வாங்குங்கள்.

வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் 2 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வரும். 230 வோல்ட் வி.எஃப்.டி.யில் ஓட்ட அதை டெல்டாவாக மாற்ற வேண்டும். அதற்கு மோட்டாரிலிருந்து ஆறு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். மூன்று மட்டும் வந்திருந்தால் ரீவைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். தனி 20 ஆம்பியர் எம்.சி.பி., தனி வயர், ஒழுங்கான எர்த் போடுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சில சமயம் காரணமில்லாமல் விழுவது போலத் தோன்றும், அது வி.எஃப்.டி.யின் கசிவு மின்சாரம். அதற்காக ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பொருத்தமான வகை எது என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுப் போடுங்கள். வி.எஃப்.டி.யின் விசிறியில் மரத்தூள் அடையும், அதையும் அவ்வப்போது ஊதிவிட வேண்டும்.

கனத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடக் கூட நல்லது. கால்களுக்கு நடுவே பலகை அடித்து மணல் மூட்டை வைத்த பிறகு அதிர்வு இன்னும் குறைந்தது. நாலு காலும் தரையில் சமமாக அழுந்துகிறதா என்று பாருங்கள்; ஒன்று தூக்கியிருந்தால் எவ்வளவு கனமும் பிரயோஜனமில்லை. ஸ்பிண்டில் உயரம் உங்கள் முழங்கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ராத்திரி முதுகு சொல்லும்.

துருதான் தினசரித் தலைவலி. பச்சை மரத்தின் சாறு வார்ப்பிரும்பு பெட்டில் ஒரு ராத்திரி நின்றால் காலையில் கறுப்பும் பழுப்புமாகப் படை. வேலை முடிந்ததும் துடைத்து மெழுகு தேய்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் ரோபஸ்ட் லேத்துகளில் பெட்டின் மேல்பரப்பை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்வது ஏன் என்று மழைக்காலத்தில் எனக்கு நன்றாகவே புரிகிறது. அப்புறம், சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

ஸ்பிண்டில் மரையை வாங்கும் முன்பே கேளுங்கள். ஒன்றேகால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, அல்லது எம்33 (33 மில்லிமீட்டர்) என்றால், கட்டையைக் கவ்வும் சக்கை அதில் பொருத்த இன்சர்ட் எளிதில் கிடைக்கும். உள்ளூர்த் தயாரிப்பில் சில சமயம் அவர்களாக ஒரு மரை போட்டுவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு சக்குக்கும் அடாப்டர் செய்ய பீன்யா தொழிற்பேட்டைக்கு அலைய வேண்டும்.

இரும்பு கடையும் பழைய லேத்தை வாங்கி மரம் கடையலாமா என்றும் கேட்கிறார்கள். பட்டாலா, ராஜ்கோட் மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும், கனமும் உண்டு. ஆனால் கேரேஜ் (வெட்டும் கருவியைத் தாங்கி பெட்டின் மேல் நகரும் பாகம்) வயிற்றில் இடிக்கும், ஈரத்தூள் ஸ்லைடுகளுக்குள் புகுந்து பசையாகும், மைய உயரமும் பெரும்பாலும் போதாது. கேரேஜைக் கழற்றிவிட்டு டூல் ரெஸ்ட் செய்து மாட்டத் தெரிந்தவருக்குச் சரி. மற்றவர்கள் அந்தப் பணத்தில் மரம் கடையும் 12 அங்குல லேத் ஒன்றும், உளி தீட்ட நல்ல 8 அங்குல கிரைண்டர் ஒன்றும் வாங்கலாம். மாடி வீட்டுக்காரர்களுக்கும் அதையேதான் சொல்வேன். என் லேத்தைத் தரைத்தளத்தில் இறக்கவே செயின் புல்லியும் ஆறு ஆளும் தேவைப்பட்டார்கள்.