கொழும்பில் ஒரு தடித்த சால்வை: கனநாள் பாவித்த பிறகு

கொழும்பு வெயிலுக்குள் தடித்த நூல் சால்வையா என்று கேட்கிறவர்கள், வெள்ளவத்தையில் இருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு ஏசி பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும். ஏறும்போது முதுகு வேர்த்திருக்கும். புத்தளம் தாண்டுவதற்குள் காது விறைத்துவிடும். கந்தோரில் ஏசிக்கு நேர்கீழே மேசை கிடைத்தவர்களுக்கும் இதே பாடுதான். நான் பின்னிய முக்கோணச் சால்வை இந்த இரண்டு இடத்திலும் மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் என்னோடு அலைந்துவிட்டது. இனி அதைப் பற்றி நம்பிக்கையோடு சொல்லலாம்.

நூல் அக்ரிலிக். பந்தைச் சுற்றியிருக்கும் தாளில் 5 என்று எண் போட்ட தடிப்பு. அந்தத் தடிப்புக்கு 6.5 முதல் 9 மில்லிமீற்றர் வரையான குரோசே ஊசியை, அதாவது முனையில் கொக்கி உள்ள பின்னல் ஊசியை, சொல்வார்கள். நான் எடுத்தது 9. தடித்த நூலைச் சின்ன ஊசியால் இறுக்கினால் கால்மிதி மாதிரி விறைத்து நிற்கும், தோளில் படியாது. ஊசி பெரிதானால் கண்ணிகளுக்கு நடுவே காற்றுப் போக வழி கிடைக்கும், பாரமும் குறையும். 100 கிராம் பந்து நான்கு அல்லது ஐந்து இருந்தால் தோளை மூடி முன்னால் கட்டும் அளவுக்கு வரும்.

பின்னல் மொஸ் ஸ்டிச். ஒரு சிங்கிள் குரோசே (குட்டையான அடிப்படைக் கண்ணி), ஒரு சங்கிலி (ஊசியிலுள்ள வளையத்துக்குள்ளால் நூலை ஒருமுறை இழுப்பது), மறுபடி ஒரு சிங்கிள் குரோசே. அடுத்த வரியில் ஊசியை முந்திய வரிச் சங்கிலியின் கீழுள்ள இடைவெளிக்குள் விட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தடித்த நூலில் கண்ணியின் தலையைத் தேடிக் குத்துவதில்தான் மணிக்கட்டு நோகும். இங்கே இடைவெளி விரல் நுனிக்கே தட்டுப்படும், ரீவி பார்த்துக்கொண்டே பின்னலாம். சங்கிலியும் சிங்கிள் குரோசேயும் மாறி மாறி விழுவதால் சால்வையின் மேற்பரப்பெல்லாம் சின்னச் சின்ன மேடுபள்ளம் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் எப்படிப் போர்த்தினாலும் வடிவு.

மேல்விளிம்பின் நடுவில் தொடங்கி, ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டி, நடு இடைவெளிக்குள் சிங்கிள், இரண்டு சங்கிலி, சிங்கிள் என்று போட்டால் முக்கோணம் தானாக விரியும். கணக்கு ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். வரிகள் நீளமாகிக்கொண்டே போவதால், நூலில் பாதி முடியும்போது சால்வை முழு உயரத்தில் ஏறக்குறைய 70 வீதத்துக்கு வந்துவிடும். கடைசிப் பகுதி நூலைக் குடிக்கும். கரைக்கு வேறு நிறம் வைக்க விரும்பினால் அதற்கேற்பப் பிரித்து வையுங்கள்.

இனி நூலின் குணம். அசல் கம்பளி சூட்டுக்கு அருமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தைக் காற்றில் இருந்தே இழுத்து வைத்திருக்கும். கடலோரக் கொழும்பில் மூடிய அலுமாரிக்குள் அப்படியொரு துணி கிடந்தால் மக்கல் மணம் வரும், பூஞ்சணம் பிடிக்கும். துணி அந்துப்பூச்சியின் புழுக்களும் கம்பளியைத்தான் தேடித் தின்னும். அக்ரிலிக் ஈரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. பூச்சிக்கும் அதில் சாப்பாடு கிடையாது. பருத்தி நூல் குளிர்ச்சியாக இருந்தாலும் இந்தத் தடிப்பில் பாரமாகித் தொங்கிவிடும். ஆகவே கொழும்புக்கு அக்ரிலிக் என்பது என் தீர்மானமான கருத்து. வெளியில் போட்டால் வேர்க்கும் என்பது உண்மை. வாசலைத் தாண்டியதும் கழற்றிப் பைக்குள் வைக்கிறதுதான்.

பாவிப்பில் முதலில் தேய்ந்தது வலது தோள். கைப்பையின் வார் உரசும் இடத்தில் நூல் பொடிப்பொடியாகச் சுருண்டு எழும்பியது. அதைப் பிடித்து இழுக்காமல் சின்னக் கத்தரிக்கோலால் மேலாக நறுக்கிவிட்டால் போதும். மேடுபள்ளப் பின்னலில் அந்த இடம் கண்ணுக்கே படாது; மழமழவென்ற பின்னலாக இருந்திருந்தால் தூரத்திலேயே தெரிந்திருக்கும். தோடும் பையின் ஸிப்பும் சில வேளை நூலை இழுத்துவிடும். அப்போது பக்கத்துக் கண்ணிகளை மெதுவாக நீவினால் உள்ளே போய்விடும். நூல்முனைகளைப் பற்றிக் கொஞ்சம் கவனம் வேண்டும். அக்ரிலிக் வழுக்கும், முடிச்சுப் போட்டாலோ தடித்த நூலில் துருத்தும். 15 சென்ரிமீற்றர் வால் விட்டு, ஒரு திசையில் கோர்த்து, திருப்பி மறுதிசையிலும் கோர்த்தால் அசையாது. என்னுடையதில் இன்றுவரை ஒரு முனைகூட வெளியே வரவில்லை.

கழுவுவது சுலபம், காயவைப்பதில்தான் பொறுமை தேவை. கையால் அலசி, முறுக்காமல், துவாய்க்குள் சுருட்டி மிதித்துத் தண்ணீரை எடுத்துவிட்டு, பாயில் பரப்பி ஃபேனுக்குக் கீழே விடுவேன். கொடியில் போட்டால் ஈரப் பாரத்திலேயே கீழ்முனை நீண்டுவிடும். தென்மேல் பருவமழை நாட்களில் முழுதாய்க் காய அடுத்த நாளும் தேவைப்படும். அயர்ன் மட்டும் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். சூடு பட்ட அக்ரிலிக் துவண்டு போனால் அந்த மேடுபள்ளம் திரும்பி வராது.

நுவரெலியாவுக்குப் போனபோது இதை அம்மாவிடம் கொடுத்தேன். திரும்பும் நாளில், "பிள்ளை, இதை என்னட்டயே விட்டிடு, நீ இன்னொண்டு பின்னலாம்தானே" என்றார். சால்வைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

ஆகவே இன்னொன்றுக்கு நூல் தேடுகிறேன். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் 5 எண் நூல் அகப்படாவிட்டால், 4 எண் நூலில் இரண்டு இழையைச் சேர்த்துப் பிடியுங்கள். அந்தத் தடிப்பு வரும், சில நூலில் சற்றுக் கூடவே வரும். தேவையான பந்துகளை ஒரே தடவையில் வாங்கி, தாளில் உள்ள சாய எண் (ஒன்றாகச் சாயம் தோய்த்த பந்துகளுக்குப் போடும் எண்) எல்லாவற்றிலும் ஒன்றா என்று பாருங்கள். கடை விளக்கில் ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு பந்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு நீலமாகத் தெரியும்.