வாசிக்கத் தெரியாத கடிதத்தில் கையெழுத்து வைத்தேன்: தாதிமார் கவனம்

திருகோணமலையில் வேலை செய்யும் தாதிமார் யாராவது வேலையிடத்து ஒழுக்காற்றுக் குற்றப்பத்திரம் கையில் கிடைத்துத் திகைத்துப்போய் இருந்தால், யாருக்கும் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள். ஆஸ்பத்திரியின் பெயரையோ அந்த மனிதரின் பெயரையோ எழுதவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.

இரவு வேலையில் ஒரு மோர்ஃபின் அம்பூல் (கடும் வலிக்குப் போடும் ஊசிமருந்து உள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி) உடைந்தது. கழுத்தை முறிக்கும்போது கையிலேயே நொறுங்கிப் பெருவிரலையும் கீறிவிட்டது. நோயாளியின் டிக்கெட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்புத்தாளில், அதை எழுதினேன். மருந்துக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் சாட்சிக் கையெழுத்து வாங்கவில்லை. கூட இருந்த மிஸ் வேறொரு நோயாளியோடு ஒபரேஷன் தியேட்டருக்குப் போயிருந்தா. வந்ததும் வாங்கலாம் என்று விட்டேன், பிறகு மறந்தே போனேன். காலையில் பொறுப்பு ஒப்படைக்கும்போது ஒரு அம்பூல் குறைகிறது. கையெழுத்து வாங்காதது என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் குற்றப்பத்திரத்தில் இருந்தது வேறு: மருந்தைக் கையாடியதாக. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

குற்றப்பத்திரம் சிங்களத்தில் வந்தது. பதில் கொடுக்க 14 நாள். எனக்குச் சிங்களம் பேச வரும், ஒபிஸ் சிங்களம் வாசிக்க வராது. தெரிந்த ஒருவர் சொல்லி, நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் அந்த ஆளைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் என்றார். கையில் ஒரு தடித்த ஃபைல், மேலே யாரோ பெரிய ஆளின் விசிட்டிங் கார்ட்.

"பிள்ளை, பயப்படாதீங்க. கொழும்பில எல்லாம் நம்மட ஆக்கள். இது சும்மா ஒபிஸ் விசயம், உங்கட பதிவுக்கு ஒண்டும் வராது."

மொத்தம் 85,000 ரூபாய். 60,000 முதலில் வேண்டும் என்றார். பற்றுச்சீட்டுக் கேட்டதற்குச் சிரித்தார். சிரித்ததும் நான் எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. தாதியாக என் பதிவில் குறையில்லை என்று காட்டும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. வங்கியில் போட்டேன். இன்று என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அந்த வங்கிச் சீட்டுத்தான்.

பன்னிரண்டாம் நாள் பதிலைக் கொண்டுவந்தார், சிங்களத்தில், இரண்டு பக்கம். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். "தமிழில குடுத்தா கிடப்பில போட்டிடுவாங்க." சரி என்று கையெழுத்து வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் தேநீர் நேரத்தில், வாட்டில் கூட வேலை செய்யும் சிங்கள நங்கியிடம் பிரதியைக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தவள் எடுக்கவேயில்லை. "அக்கா, இதில மருந்து நீங்க எடுத்தது எண்டு இருக்கு. மன்னிக்கச் சொல்லியிருக்கு." மன்னிப்புக் கேட்டால் சின்னத் தண்டனையோடு ஃபைலை மூடிவிடுவார்கள் என்பதுதான் அந்த மனிதரின் 'வழி' என்று பிறகு அவரே சொன்னார். நான் எடுக்காத மருந்தை எடுத்ததாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

அதன் பிறகுதான் உண்மையான சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது, வேலை தருபவரின் ஒழுக்காற்று விசாரணை வேறு, தாதியாக நம் பெயர் பதிவில் இருப்பது வேறு என்று. முதலாவது சின்னத் தண்டனையோடு முடிந்தாலும், 'கையாடினேன்' என்று கையெழுத்திட்ட தாள் ஃபைலில் இருந்தால் நாளைக்குப் பதிவை விசாரிக்கிறவர் கையில் அகப்படுவதும் அதே தாள்தான். அடுத்தது மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். குற்றப்பத்திரத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டிருக்கலாம், பதிலையும் தமிழிலேயே கொடுத்திருக்கலாம். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நான் ஆரம்ப விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டோம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கிடைத்தது. அம்பூல் உடைந்ததை அன்றே சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டில் எழுதிய நேரமும் அதோடு ஒத்துப்போகிறது. இரண்டையும் வைத்து, முதல் பதிலை மறுத்து இன்னொரு விளக்கம் கொடுத்திருக்கிறோம். ஏற்றுக்கொள்வார்களா என்பது விசாரணை அதிகாரியின் கையில்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை முதலில் கேட்டுப் பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு. தேத்தண்ணிக் கடைக்குப் போகாதீர்கள்.

காசைத் திருப்பிக் கேட்டு அந்த மனிதருக்கு மூன்று தரம் போன் எடுத்தேன், பதில் இல்லை. வங்கிச் சீட்டோடு பொலிசில் முறைப்பாடு போட்டேன். போன கிழமை அவரே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "பிள்ளை, மிச்சம் 25,000 எப்ப தருவீங்க?"