முகாம் பயிற்சியா, இரண்டாம் மொழியா?

நாட்டின் பாதுகாப்பில் கல்விக்குப் பங்குண்டு என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், அதாவது தமிழ்மொழி மூல மாணவர்கள் கூடுதல் புள்ளி பெற வேண்டியிருந்த முறை, தமிழ் இளைஞர்களில் ஒரு பகுதியினரை ஆயுதம் நோக்கித் தள்ளிய காரணங்களுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. தெற்கில் 1971இல் எழுந்த கிளர்ச்சியிலும் படித்தும் வேலை கிடைக்காத இளைஞர்கள் பலர் இருந்தனர்.

ஆகவே, கல்வி வழியே நாட்டின் பாதுகாப்புக்கு உதவக்கூடியனவாக இலங்கை கையாண்ட இரு வழிகளை ஒப்பிடலாம். ஒன்று, 2011இல் பல்கலைக்கழகப் புகுமுக மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் அளிக்கப்பட்ட மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி. இதை விரைவில் நடத்தி முடிக்கலாம். ஒழுங்கும் உடலுறுதியும் ஓரளவு கிடைக்கும். ஆயினும் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், சீருடையைக் கண்டாலே குரலைத் தாழ்த்திப் பழகிய வடக்கின் பிள்ளைக்கு முகாம் வாசல் தலைமைத்துவத்தையா நினைவூட்டியிருக்கும்?

மற்றையது, தமிழ் மாணவருக்குச் சிங்களத்தையும் சிங்கள மாணவருக்குத் தமிழையும் இரண்டாம் மொழியாகக் கற்பித்தல். பலன் மெதுவாகவே வரும். தகுந்த ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அது நேரசூசியில் மட்டுமே இருக்கும். எனினும், அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாகிவிட்ட நாட்டில், முறைப்பாடு சொல்ல வந்தவரின் மொழி புரியும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், சோதனைச்சாவடிகள் பலவற்றைவிடப் பயனுடையவர். என் தெரிவு இதுவே, இருபுறமும் ஒரே அக்கறையுடன் கற்பிக்கப்படுமாயின். ஒரு பக்கத்தார் மட்டும் கற்றால், சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் நிழல் அதன்மீதும் விழும்.