சீபேப் மெஷின், சிறுநீரக நோய், வேலூர் தண்ணீர்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சீபேப் என்பது, தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்பவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் மெஷின். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) இறங்கும் என்று நம்பி அதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில்கூட, மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சிறுநீரகம் தேயும் வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பார்க்க வேண்டியது வேறு: நோயாளி ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறார், காலை பிபி எவ்வளவு, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தலை சாய்கிறதா.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும்போது இதயத்தின் மேலறை இழுபடுகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதென்று அது நினைத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. 'சர்க்கரையால்தான் நாலு தடவை எழுந்திருக்கிறேன்' என்பவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் குறட்டையோடு வரும் இந்த மூச்சடைப்புதான். 1971லேயே சிறுநீரக மாற்று நடந்த ஊர் எங்கள் வேலூர். ஆனாலும் டாக்டரிடம் குறட்டையைப் பற்றி வாய் திறக்காமல் வருகிறவர்களே அதிகம். பிபியும் தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். சிறுநீரக நோயில் பலருக்கு இறங்காது. மூச்சடைப்பும் சேர்ந்தால் இன்னும் மோசம். மெஷினால் சராசரியாக 2, 3 புள்ளி இறங்கும். மாத்திரையை நிறுத்த அது போதாது.

காலையில் திரையில் தெரியும் முக்கியமான எண், மணிக்கு எத்தனை முறை மூச்சடைத்தது என்பது. 5க்குக் கீழே இருந்தால் நல்லது. சிறுநீரக நோயாளிக்கு இது நாளுக்கு நாள் ஆடும். பகலில் கணுக்காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்குவது ஒரு முக்கியக் காரணம். கல்யாணத்தில் ஆம்பூர் பிரியாணி, அப்பளம், ஊறுகாய் எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, மறுநாள் எண் ஏறியதற்கு மெஷினைத் திட்டக் கூடாது. சாம்பாரில் தொடங்கி ஊறுகாய்வரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தால், தேங்கிய நீரில் கொஞ்சம் படுக்கும் முன்பே சிறுநீராகப் போய்விடும். நீர் மாத்திரையின் இரண்டாவது வேளையை மதியம் 2, 3 மணிக்குள் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடம்பு நீருக்கும் மூச்சடைப்புக்கும் உள்ள உறவுக்கு நல்ல சாட்சி, 2001ல் டொரண்டோவிலிருந்து வந்த ஆய்வு. 14 பேர் ராத்திரி டயாலிசிஸுக்கு மாறியபின், மணிக்கு 25 என்றிருந்த மூச்சடைப்புச் சராசரி 8 ஆனது.

இனி மெஷின். நம் பக்கம் அதற்கு முதல் எதிரி தண்ணீர். போர் தண்ணீரை ஊற்றினால் ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரப்படுத்தும் பகுதி) தொட்டியின் அடித்தகட்டில் வெள்ளையாக உப்புப் படியும், சூடு ஏறாது. கேன் தண்ணீர் பரவாயில்லை, ஆனால் அதிலும் உப்பு உண்டு. மருந்துக்கடை டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் வேண்டவே வேண்டாம். படிந்துவிட்டால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவலாம். மிச்சத் தண்ணீரை தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுப்பவர்கள் ஹியூமிடிஃபையரை அணைத்தே வைக்கலாம். சிக்கல் ஏசி அறையில்தான். டியூப் குளிர்ந்து உள்ளே நீர் கோக்கும், 'களக் களக்' என்று சத்தம் வரும், மூக்கில் சொட்டும். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வைத்து, டியூப்மேல் துணி உறை போட்டால் தீரும்.

ஃபில்டரை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். காட்பாடி ரோடு மாதிரிப் புழுதியில் இரண்டு வாரத்திலேயே சாம்பல் நிறமாகிவிடும். அதைப் பார்த்தே மாற்றுங்கள்.

மாஸ்க்கில் காற்று கசிந்தால் பட்டையை இழுத்து இறுக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. மூக்குத் தண்டில் புண் வரும், கசிவும் நிற்காது. பட்டையைத் தளர்த்தி, மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில் மாஸ்க்கை ஒருமுறை முகத்திலிருந்து தூக்கி வைத்தால் சிலிக்கான் மடிப்பு தானாக உட்காரும். முகம் வீங்கும் நாளில் அளவே மாறிவிடும் என்பது சிறுநீரக நோயாளிக்குக் கூடுதலாக உள்ள தொல்லை. தலைக்கு வைத்த எண்ணெய் வழிந்தால் சிலிக்கான் சீக்கிரம் தளர்ந்துவிடும். மைல்டு சோப்பால் தினமும் கழுவ வேண்டும்.

கரண்ட் போனால் பயம் வேண்டாம். ஹியூமிடிஃபையர் இல்லாமல் 30 முதல் 60 வாட்தான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

மெஷின் திரையில் எண் 5க்குக் கீழே இருந்தும் தூக்கம் வராதவர்கள், படுத்ததும் கால் குடைகிறதா, ஆட்டினால்தான் அடங்குகிறதா என்று கவனியுங்கள். இது மெஷின் விவகாரமே இல்லை. இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்வார்கள். கால் குடைச்சலுக்குத் தரும் கபாபென்டின் மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் அளவைக் குறைத்துத்தான் எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டால் பகலெல்லாம் தள்ளாட வேண்டியிருக்கும்.