ஒரு நாள் நடை: சியெனாவுக்கா, ராடிகோஃபானிக்கா?

இத்தாலியின் டஸ்கனியில் ஒரே ஒரு நாள்தான் நடக்க முடியும், எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் யோசிக்காமல் மொண்டெரிஜ்ஜோனியிலிருந்து சியெனாவுக்கு நடங்கள் என்கிறேன். போன வருடம் ஜூன் கடைசியில் நானும் மனைவியும் அந்தப் பாதையை முழுதாக நடந்தோம். நான்கு நாள் கழித்து, படங்களில் பார்த்துப் பார்த்து ஏங்கிய இன்னொன்றில் கால் வைத்தோம்: சான் குவிரிக்கோவிலிருந்து ராடிகோஃபானி. அதைப் பாதிகூட முடிக்கவில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

இரண்டும் வியா ஃபிரான்சிஜெனா என்ற பழைய யாத்திரைப் பாதையின் துண்டுகள். 990-ஆம் ஆண்டு ரோமிலிருந்து ஊர் திரும்பிய காண்டர்பரி பேராயர் சிஜெரிக், தங்கிய இடங்களையெல்லாம் குறித்து வைத்தார். இன்றைக்கு வெள்ளை-சிவப்புப் பட்டை அடித்து வழிகாட்டும் பாதை அந்தக் குறிப்பை ஒட்டியதுதான். முதல் துண்டு சுமார் 20 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 32. முதலாவது ஏறி இறங்கி ஒரு நகரத்தில் முடிகிறது. இரண்டாவது கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரத்தில், கோட்டை உள்ள மலையூரில் முடிகிறது. திரும்பி வருவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சியெனாவில் பேருந்தும் ரயிலும் உண்டு. ராடிகோஃபானிக்குப் போனால் இரவு தங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அழகு என்று பார்த்தால் போட்டியே கிடையாது. ராடிகோஃபானி பாதை போகும் வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அலை அலையாக மேடு, மேட்டின் மேல் ஒற்றை வீடு, அதற்குப் போகும் வளைந்த மண்சாலை, ஓரத்தில் ஒல்லியாக நெட்டுக்குத்தாக நிற்கும் சைப்ரஸ் மரங்கள். நாட்காட்டியில் வரும் இத்தாலி இதுதான். அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதை அங்கே நடக்கும்போதுதான் யோசித்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை வயலும் களிமண் மேடும் தடையில்லாமல் தெரிகிறதென்றால், மறைக்க மரம் இல்லை என்று அர்த்தம். மரம் இல்லையென்றால் நிழலும் இல்லை.

பனை நிழலும் நிழலோ என்பார்கள். சைப்ரஸைப் பார்த்தவர்கள் பனையை மன்னித்துவிடுவார்கள். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணி தாண்டித்தான். அந்த நேரத்தில் அடிமரத்தைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்குக்கூட நிழல் விழவில்லை. முதுகை மரத்தில் ஒட்டி நின்று பார்த்தேன். “இதுக்கு உங்க தொப்பையோட நிழலே பரவாயில்ல” என்றாள் மனைவி. பொய் இல்லை.

மேலே அடிப்பது பாதி வெயில்தான், மீதி கீழேயிருந்து வருகிறது. இங்கே மண்சாலைகளை வெள்ளைச் சாலை என்றே அழைக்கிறார்கள். சுண்ணாம்பு நிறச் சரளை, கண் கூசும். நான் பெரிய தொப்பி போட்டிருந்தேன். அப்படியும் அன்று இரவு எரிந்தது மோவாய்க்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்பக்கமும். தொப்பி என்ன செய்யும், பாவம்.

நிழலைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம், தண்ணீர்க் கணக்கே அதில்தான் மாறுகிறது. இரண்டு பாதையிலும் நடுவில் குழாய் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது, கிளம்பும் ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். சியெனா வழியில் நாள் முழுக்க எனக்கு ஒன்றரை லிட்டர் போதுமாக இருந்தது. வால் டோர்ச்சாவில் பகலுக்குள் மூன்று லிட்டர் காலி. லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், நிழல் இல்லாத பாதை முதுகிலும் எடை ஏற்றுகிறது. போதாததற்கு டஸ்கனி ரொட்டியில் உப்பே கிடையாது. வியர்த்துக் கொட்டும் நாளில் அதை வெறுமனே மென்றால் ஒன்றும் ஏறாது. பெக்கொரினோ ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு கூடவே வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கையைத் தூக்கிய இடம் கல்லினா என்ற சின்ன ஊர், காசியா நெடுஞ்சாலையோரம். இத்தாலியில் அந்தப் பெயருக்குக் கோழி என்று பொருள். பயந்து பின்வாங்குபவரை ஆங்கிலத்தில் கோழி என்பார்கள், பொருத்தம்தான். ராடிகோஃபானி கோட்டைக் கோபுரம் தூரத்தில் தெரிந்துகொண்டே இருந்தது, நெருங்கவே இல்லை. கடைசி ஏற்றம்தான் உண்மையான சோதனை என்று ஏறியவர்கள் சொல்கிறார்கள். அதை நான் காலால் அறியவில்லை. ஒரு விவசாயி தன் வண்டியில் எங்களைச் சான் குவிரிக்கோவுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

இப்போது மொண்டெரிஜ்ஜோனிக்கு வருவோம். ஃபிளாரன்ஸ் படையைத் தடுக்க 1213 வாக்கில் சியெனாக்காரர்கள் கட்டத் தொடங்கிய மதில் ஊர். சுற்றிப் பார்க்க அரை மணி போதும். ஊரை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்திலேயே ஓக் காடு தொடங்குகிறது. காட்டுக்குள் வெளிச்சம் சல்லடையில் சலித்தது போல விழும். பாதையோரம் காட்டுப்பன்றி கிளறிப் போட்ட ஈரமண். ஓரிடத்தில் மனைவி குனிந்து எதையோ எடுத்தாள். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட முள்ளம்பன்றி முள், சாண் நீளம். மரத்தடியில் அரை மணி உட்கார்ந்து சாப்பிட்டு, காலணியைக் கழற்றி, சாக்ஸை மாற்றி, மறுபடி எழ முடிந்தது. வெயில் பாதையில் நின்றாலும் களைப்பு, நடந்தாலும் களைப்பு.

குறை இல்லாமல் இல்லை. காட்டுக்குள் காட்சி கிடையாது, ஐம்பது அடிக்கு அப்பால் எல்லாம் இலைதான். சாயங்காலம் சாக்ஸ் ஓரத்தில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் பியான் டெல் லாகோ என்ற சமவெளியில் நிழல் இல்லை. ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்த இடம், 18-ஆம் நூற்றாண்டில் சுரங்கக் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். சியெனாவுக்குள் நுழையும் கடைசிப் பகுதி வெறும் தார்ச்சாலை, கார் சத்தம். அப்புறம் கமோல்லியா வாசல் வருகிறது. இந்த வாசலைவிட அகலமாகச் சியெனா உனக்குத் தன் நெஞ்சைத் திறக்கிறது என்று மேலே லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். கால் வலியோடு படித்தால் கொஞ்சம் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

நான் சொல்வதெல்லாம் ஜூன் மாதக் கதை. ஏப்ரலில் கோதுமை பச்சையாக நிற்கும்போது போனவர்கள் ராடிகோஃபானியை விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிறார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம், அந்தக் களிமண் காலணியோடு வரும். வெயில் காலத்திலேயே போவேன் என்று அடம் பிடித்தால், விடியும் முன் கிளம்புங்கள். சுமார் 5 கிலோமீட்டரில் பான்யோ வின்யோனி வரும். ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம் இருக்கும். அதில் இறங்கக் கூடாது, கீழே பழைய ஆலைகளின் பக்கம் ஓடும் வாய்க்காலில் கால் நனைக்கலாம். அங்கே உட்கார்ந்து மிச்சத் தூரத்தைப் பற்றி யோசியுங்கள். திரும்புவதானால் அதுதான் நல்ல இடம், நாங்கள் அதைத் தாண்டிப் போய்த்தான் மாட்டிக்கொண்டோம்.